மழையில் பைக்கில் நண்பர் வீட்டுக்கு: நெடுந்தூரப் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பரைப் பார்க்க, வழியெல்லாம் மழை என்று தெரிந்தே பைக்கில் கிளம்புகிறவர்களுக்கான பக்கம் இது. வண்டியைத் தயார் செய்வதில் தொடங்கி, ஈரச் சட்டையோடு நண்பர் வீட்டு வாசலில் நிற்பது வரை இங்கே இருக்கிறது.

மழை என்று தெரிந்தும் கிளம்பலாமா?

தொடர்ந்து பெய்யும் மிதமான மழையில், நல்ல டயரும் சரியான உடையும் இருந்தால் கிளம்பலாம். கிளம்பக் கூடாத நேரங்கள் நான்கு: இடி மின்னல், பலத்த காற்று, வழியில் வெள்ளம் அல்லது மண்சரிவு எச்சரிக்கை, மழையோடு சேர்ந்த இருட்டு. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். இரவு மழையில் எதிர் வண்டியின் வெளிச்சம் ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியான வைசரில் ஒட்டிய ஒவ்வொரு துளியிலும் சிதறும். சாலையின் கருப்பும் குழியின் கருப்பும் ஒன்றாகிவிடும். பகலில் 60-ல் போகிற அதே சாலையில் இரவில் 30-ல் போனாலும் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயம் நியாயமானது.

ஒரு நாளில் எத்தனை கி.மீ. வைத்துக்கொள்ளலாம்?

காய்ந்த சாலையில் நீங்கள் அலுப்பில்லாமல் ஓட்டும் தூரத்தில் அறுபது சதவீதம். 450 கி.மீ. ஓட்டுகிறவர் 270 என்று வைத்துக்கொள்ளலாம். சராசரி வேகம் குறையும், நிறுத்தங்கள் கூடும், கவனம் சீக்கிரமே களைத்துவிடும். வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டு, அதன் பிறகும் வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருவீர்களா என்று பாருங்கள். முடியாது என்றால் இடையில் ஓர் இரவு தங்குங்கள், அல்லது விடிவதற்குள் எல்லாம் கட்டி முடித்து முதல் வெளிச்சத்தில் கிளம்புங்கள்.

நண்பரிடம் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்வது?

மணி சொல்லாதீர்கள். இந்தப் பயணத்தை ஆபத்தாக்குவதில் மழைக்குச் சமமான பங்கு “நாலு மணிக்கு வந்துடுறேன்” என்ற வாக்குக்கு உண்டு. நண்பர் சமைத்து வைத்துக் காத்திருக்கிறார் என்ற நினைப்பில்தான் ஆட்கள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், முந்தக் கூடாத இடத்தில் முந்துகிறார்கள். “மதியத்துக்கு மேல், இருட்டுவதற்குள். முடியாவிட்டால் வழியில் தங்கிவிட்டு நாளைக் காலையில்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்காகச் சாப்பிடாமல் காத்திருக்காதே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் பேசி வையுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஊர்ப் பெயரோடு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவீர்கள். மூன்று மணி நேரம் செய்தி வராவிட்டால் அவர் அழைக்க வேண்டும். வண்டி ஓடும்போது அழைத்தால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரலை இருப்பிடப் பகிர்வு உதவும்தான், ஆனால் சிக்னல் இல்லாத பகுதியில் புள்ளி அசையாமல் நிற்பதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் பதறுவார்கள். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கிளம்பும் முன் வண்டியில் முதலில் எதைப் பார்ப்பது?

டயர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பள்ளங்களின் ஆழம் நடுப்பகுதியில் 2 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால், சட்டம் அனுமதித்தாலும் மழைக்கு அது போதாது. சாலைக்கும் ரப்பருக்கும் நடுவே சிக்கும் தண்ணீர் வெளியேற அந்தப் பள்ளங்களைத் தவிர வழியில்லை. பள்ளம் ஆழமாக இருந்தும் டயர் பழையதாக இருக்கலாம். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பர் இறுகி, நகத்தால் அழுத்தினால் பதியாத அளவுக்குப் போயிருந்தால் பள்ளம் இருந்தும் வழுக்கும்.

அடுத்து பிரேக் பேட். மழைச் சேறு உப்புக்காகிதம் மாதிரி வேலை செய்யும். காய்ந்த சாலையில் மாதக்கணக்கில் வரும் பேட் இரண்டு மூன்று நாள் சேற்று மழையில் கண்ணுக்குத் தெரியும்படி தேயலாம். மிச்சம் 2 மி.மீ.தான் என்றால் மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். பின் விளக்கு, இரண்டு பிரேக்குகளுக்கும் எரியும் பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன் ஆகியவற்றையும் பாருங்கள். மழையில் பின்னால் வருகிறவருக்கு உங்களைக் காட்டுவது அந்தச் சிவப்பு வெளிச்சம் மட்டுமே.

யாரும் பார்க்காத ஓர் இடம் பெட்ரோல் டேங்க் மூடி. பல வண்டிகளில் மூடியைத் திறந்தால் வாயைச் சுற்றி ஒரு பள்ளமும் அதில் சிறு வடிகால் துளையும் இருக்கும். மூடியின் விளிம்பில் இறங்கும் மழைநீர் அந்தத் துளை வழியாக, ஒரு மெல்லிய குழாயில் வண்டிக்கு அடியில் வடியும். துளையைத் தூசி அடைத்தால் தண்ணீர் அங்கேயே தேங்கும். மூடி திறக்கும்போது டேங்குக்குள் வழியும், அல்லது தேய்ந்த ரப்பர் வழியாகக் கசியும். பிறகு நடுவழியில் என்ஜின் இருமத் தொடங்கும், காரணமும் பிடிபடாது. மெல்லிய கம்பியால் துளையைக் குத்தி, அரை ஸ்பூன் தண்ணீரை அந்தப் பள்ளத்தில் மட்டும் விட்டுப் பாருங்கள். சில நொடிகளில் கீழே சொட்ட வேண்டும்.

டயரில் காற்றைக் குறைத்தால் மழையில் பிடிப்பு கூடும் என்கிறார்களே?

சேற்றுப் பாதைக்குச் சரி, தார்ச்சாலைக்குத் தவறு. காற்று குறைந்தால் பள்ளங்கள் நெருங்கி மூடும், தண்ணீர் வெளியேறாது, டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் குறையும். தயாரிப்பாளர் சொன்ன அளவை, டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள். பையோ ஆளோ ஏற்றினால் அதற்கென்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கூடுதல் அளவு.

செயினுக்கு மழையில் எவ்வளவு அடிக்கடி எண்ணெய் போட வேண்டும்?

காய்ந்த காலத்தில் 500 கி.மீ.க்கு ஒரு முறை போடுகிறவர்கள் மழையில் 200 முதல் 300 கி.மீ.க்குள் போட வேண்டும். நாள் முழுக்க மழை என்றால் தூரத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் அன்று மாலையே போட்டுவிடுங்கள். ஓட்டி முடித்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போது ஈரத்தைத் துணியால் துடைத்து, கீழ்ப்பக்க செயினின் உட்புறத்தில், பற்சக்கரத்தைத் தொடும் பக்கத்தில் விடுங்கள். சுழலும்போது அது வெளிப்பக்கம் பரவும். வெளியே பூசினால் பாதி பின் சக்கரத்தில் தெறிக்கும். ஈர டயரில் எண்ணெய் என்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரமாவது விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஸ்ப்ரே இல்லாவிட்டால் 90 கிரேடு கியர் ஆயில் போதும்.

ஓ-ரிங் செயினைப் பெட்ரோலில் கழுவாதீர்கள், ரப்பர் வளையங்கள் கெடும். மண்ணெண்ணெய் சரி. என்ஜினை ஓடவிட்டு, கியரில் சக்கரம் சுழல, துணியால் செயினைத் துடைப்பது விரலை இழக்க மிகச் சுலபமான வழி. சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

தொய்வு பெரும்பாலான சாலை வண்டிகளில் 25 முதல் 35 மி.மீ. வரை. உங்கள் வண்டிக்கான அளவு பின் சக்கரத்தைத் தாங்கும் கைப்பகுதியில் ஒட்டியிருக்கும்.

நல்ல மழை உடை போட்டும் நனைகிறேன். ஏன்?

துணி வழியாக இல்லை, இணைப்புகள் வழியாகத் தண்ணீர் வருகிறது. கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால். இவற்றோடு ஐந்தாவது ஒன்று: மடி. உட்கார்ந்து ஓட்டும்போது வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே ஒரு கிண்ணம் உருவாகி, தண்ணீர் தேங்கி, ஜிப் வழியாகவோ தையல் வழியாகவோ மெல்ல இறங்கும். வாங்கும்போது அந்த இடத்தின் தையல் உள்ளே நாடா ஒட்டி அடைத்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். வழியில் செய்யக்கூடியது: அவ்வப்போது இடுப்பைச் சற்றுத் தூக்கி அந்தத் தண்ணீரை வழியவிடுவது.

ஜாக்கெட்டுக்கு உள்ளே மாட்டும் நீர்புகா உறையைவிட மேலே போடும் மழை உடையே மேல். உள்ளுறை உடம்பைக் காய வைக்கும், ஆனால் வெளி ஜாக்கெட் ஊறி இரண்டு கிலோ கனக்கும். காற்றில் அந்த ஈரம் ஆவியாகி உங்களைக் குளிர வைக்கும், மறுநாள் காலையிலும் காய்ந்திருக்காது. மேலுடை ஜாக்கெட்டின் மேல் போட வேண்டியது என்பதால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். பளிச்சென்ற மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம் எடுங்கள், கறுப்பு வேண்டாம்.

போர்வை மாதிரித் தொங்கும் மழையங்கி பைக்குக்கு ஆகாது. காற்றில் படபடத்து முகத்தில் அடிக்கும், செயினிலோ சக்கரத்திலோ சிக்கும்.

தூறல் விழுந்ததுமே நிறுத்திப் போடுங்கள். “இது நின்றுவிடும்” என்று ஐந்து கி.மீ. ஓட்டி உள்ளே நனைந்த பிறகு மேலே போட்டால் ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்த மாதிரிதான். பூட்ஸைக் கழற்றாமல் பேன்ட் ஏறவில்லையா? காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கால்சட்டையின் அடிப்பட்டையை இறுகக் கட்டுங்கள். சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், சுரண்டினாலும் போகாது.

கையுறை ஜாக்கெட் கைக்கு உள்ளேயா வெளியேயா?

மழையில் உள்ளே. வெளியே விட்டால் கை வழியாக வழியும் தண்ணீர் நேராகக் கையுறைக்குள் போய் நிரம்பும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே. நீர்புகாக் கையுறை இல்லாதவர்கள் இரண்டு ஜோடி சாதாரணக் கையுறை எடுத்துப் பாதி வழியில் மாற்றலாம். உள்ளே மெல்லிய ரப்பர் கையுறை போடுவதும் உண்டு: வியர்க்கும், ஆனால் குளிராது.

வைசரில் பனி படர்கிறது. என்ன செய்யலாம்?

உங்கள் மூச்சுதான் காரணம். சூடான ஈர மூச்சு குளிர்ந்த வைசரின் உட்பக்கம் படிகிறது. சரியான தீர்வு பின்லாக் போன்ற இரட்டைத் தகடு: நடுவே அடைபட்ட காற்று உள் தகட்டைக் குளிரவிடாது. அது இல்லாதபோது மூக்குத் தடுப்பைப் பொருத்தி, முகவாய்க் காற்றுத்துளையைத் திறந்து, வைசரை ஒரு கிளிக் மட்டும் தூக்கி ஓட்டுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை உட்புறம் தேய்த்து, ஈரமில்லாத மென்துணியால் தெளிவாகும் வரை துடைத்தால் சில மணி நேரம் தாங்கும். பின்லாக் தகட்டிலோ, பனி எதிர்ப்புப் பூச்சு உள்ள வைசரிலோ இதைச் செய்யாதீர்கள், பூச்சு போய்விடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் வைசருக்கு எதிரி.

வெளிப்பக்கத் துளிகளுக்குக் கையுறையின் ஆள்காட்டி விரலில் ரப்பர் நாக்கு இருந்தால் நல்லது. சேறு தெறித்த வைசரைக் காய்ந்தபடி துடைத்தால் கீறல் விழும். கறுப்பு வைசரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

துணிமணிகள் நனையாமல் இருக்க?

பையோடு வரும் மழை உறையை நம்ப வேண்டாம். வேகத்தில் காற்று புகுந்து பறக்கும், அல்லது உறைக்குள்ளேயே தண்ணீர் தேங்கிப் பையை ஊற வைக்கும். வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பைதான் சரி. வாயைக் குறைந்தது மூன்று முறை சுருட்டிக் கொக்கி போடுங்கள். சாதாரணப் பைதான் இருக்கிறது என்றால் கனமான குப்பைப் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளே விட்டு, வாயை முறுக்கி மடித்துக் கட்டுங்கள். கனமானவை கீழே, நடுவில், முன்னால். மழை உடை, கையுறை, துடைக்கும் துணி மட்டும் எல்லாவற்றுக்கும் மேலே: கொட்டும் மழையில் பையைத் திறந்து தேட நேர்ந்தால் உள்ளே எல்லாம் நனையும்.

ஆவணங்களை ஜிப் பிளாஸ்டிக்கில் போட்டு மார்புப் பக்க உள்பையில் வையுங்கள். போனின் திரை மழைத்துளியை விரல் என்று நினைத்து வழியை மாற்றிவிடும். திரையைப் பூட்டிவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள். திருப்பங்களை ஒரு சீட்டில் எழுதி டேங்க் பையில் வைப்பது இன்றைக்கும் வேலை செய்கிறது. சார்ஜ் துளை நனைந்தால் காயும் வரை வயரைச் செருகாதீர்கள்.

சாலையில் எந்த இடங்கள் வழுக்கும்?

முதல் பதினைந்து இருபது நிமிட மழைதான் மோசம். காய்ந்த நாட்களில் படிந்த எண்ணெயும் ரப்பர் தூளும் தூசியும் தண்ணீரோடு குழைந்து சோப்பு மாதிரி மிதக்கும். பலத்த மழை அதைக் கழுவிவிடும். வெறும் தூறல் கழுவாது, குழைத்துக்கொண்டே இருக்கும். முடிந்தால் அந்த நேரத்தில் நிறுத்தி மழை உடை போட்டுக்கொள்ளுங்கள், இரண்டு வேலையும் ஆகும்.

வண்ணக்கோடு, சாக்கடை மூடி, பாலத்தின் இரும்பு இணைப்பு, ரயில் தண்டவாளம், ஈர இலைகள், வானவில் நிறத்தில் மின்னும் டீசல் படலம் ஆகியவற்றின் மேல் பிரேக்கும் வேண்டாம், சாய்வும் வேண்டாம், ஆக்ஸிலேட்டர் முறுக்கலும் வேண்டாம். வண்டியை நிமிர்த்தி, அதே வேகத்தில் கடந்துவிடுங்கள். தண்டவாளத்தை முடிந்தவரை நேர்க்குறுக்காகக் கடக்க வேண்டும். நடுப்பாதை எண்ணெய் சொட்டும் இடம், அதனால் முன்னே போகும் காரின் சக்கரத்தடத்தில் போங்கள். தடமே பள்ளமாகித் தண்ணீர் நின்றால் அதை விட்டு மேட்டுக்கு வாருங்கள். தேங்கிய நீர் எவ்வளவு ஆழம் என்று பார்த்துத் தெரியாது, எல்லாமே குழி என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

மழையில் முன் பிரேக்கைத் தொடக் கூடாதாமே?

நிறைய பேரைக் கீழே தள்ளிய அறிவுரை அது. வேகம் குறையும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகும், ஈரத்திலும் அங்கேதான் பிடிப்பு அதிகம். பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் நழுவும். இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கை முதலில் லேசாகத் தொட்டு, எடை முன்னால் வந்தபின் பிழியுங்கள். ஈரத் துணியைப் பிழிவது போல, படிப்படியாக.

காய்ந்த தாரில் உராய்வுக் கெழு (டயர் சாலையைப் பிடிக்கும் அளவு) சுமார் 0.7, ஈரத்தில் சுமார் 0.45 என்று வைத்தால் 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க 20 மீட்டர், ஈரத்தில் 31. பிரேக்குக்குக் கை போகும் ஒரு நொடியில் ஓடும் 17 மீட்டரைச் சேர்த்தால் ஈரத்தில் 48. அதே சாலையில் 80-ல் போனால் 78 மீட்டர். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, நிற்கும் தூரமோ பாதிக்கு மேல் கூடிவிட்டது. முன்னே போகும் வண்டிக்கு நான்கு நொடி இடைவெளி விடுங்கள்: அது ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கி, நான்கு எண்ணிய பிறகே நீங்கள் அந்தக் கம்பத்தை அடைய வேண்டும்.

தண்ணீர் தேங்கிய இடத்தைத் தாண்டியதும் லேசாகப் பிரேக்கைத் தேய்த்துக் காய வையுங்கள். டிரம் பிரேக்குக்குள் தண்ணீர் போனால் முதல் சில மிதிகளில் எதுவுமே நடக்காது.

பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருந்தால் கவலை இல்லையா?

நேர்ச்சாலையில் பெரிய துணை. வளைவில் சாய்ந்திருக்கும்போது, அதற்கென்றே செய்த வகை தவிர மற்றவை காப்பாற்றாது. நிற்கும் தூரத்தையும் அது மாயமாகக் குறைக்காது.

சாலையில் வெள்ளம். கடக்கலாமா?

ஓடும் தண்ணீரா, திரும்புங்கள். முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் ஓட்டம் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும், அடியில் சாலை இருக்கிறதா என்பதும் தெரியாது. நிற்கும் தண்ணீர் என்றால் அளவு சக்கர அச்சு. அதற்கு மேல் இருந்தால் வேண்டாம். அச்சுக்குக் கீழே என்றால், வேறொரு வண்டி கடப்பதைப் பார்த்துவிட்டு, முதல் கியரில், ஆக்ஸிலேட்டரைச் சீராக முறுக்கி, வேகத்தை அரைக் கிளட்சில் கட்டுப்படுத்தி, நிற்காமல் போங்கள். நடுவில் முறுக்கலை விட்டால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறலாம்.

நடுவில் அணைந்துவிட்டால் ஸ்டார்ட்டரை அழுத்தாதீர்கள். காற்று வடிகட்டி வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளி வெளியே கொண்டுவந்து, சாவியை ஆஃப் செய்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மேல் கியரில் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளுங்கள். பிளக் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் நிற்கும் வரை தொடருங்கள். வடிகட்டிப் பெட்டியின் அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்துவிடுங்கள். என்ஜின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால், மாற்றாமல் ஓட்டக் கூடாது.

லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்?

முந்த அவசரப்படாமல் பின்வாங்குங்கள். லாரிச் சக்கரங்கள் தெறிக்கவிடும் நீர்ப்புகைக்குள் இருக்கும் வரை எதிரே வருவது உங்களுக்குத் தெரியாது, நீங்களும் யாருக்கும் தெரிய மாட்டீர்கள்.

மின்னல் வெட்டினால்? டயர் ரப்பர்தானே, பாதுகாப்பு இல்லையா?

இல்லை. வானத்திலிருந்து பல கிலோமீட்டர் காற்றைத் தாண்டி வருவதற்கு அந்த ரப்பர் ஒரு தடையே அல்ல. காருக்குள் இருப்பவரைக் காப்பது சுற்றியுள்ள உலோகக் கூடு, பைக்கில் அது இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளி 30 நொடி என்றால் தூரம் சுமார் 10 கி.மீ., இடைவெளி அவ்வளவோ அதற்குக் குறைவோ என்றால் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள். தனி மரத்தடி கூடாது. மேம்பாலத்துக்கு அடியில் சாலையோரம் நிற்பதும் தவறு: கண் தெரியாமல் வரும் வண்டி உங்கள் மேல்தான் ஏறும்.

குளிர் எப்போது ஆபத்தாகும்?

நினைப்பதைவிடச் சீக்கிரம். 10 டிகிரி செல்சியஸில் 80 கி.மீ. வேகம் தோலுக்கு 4 டிகிரி போலத் தெரியும், நனைந்திருந்தால் இன்னும் மோசம். நடுக்கம் முதல் அறிகுறி. அடுத்து விரல்கள் மரத்து, கிளட்சை விட நேரமாகும். கியர் தவறும், இண்டிகேட்டரை அணைக்க மறப்பீர்கள், காரணமில்லாமல் எரிச்சல் வரும். இரண்டாவது கட்டத்திலேயே நிறுத்திக் கூரைக்குள் போய், ஈரத்தை மாற்றி, சூடாக எதையாவது குடியுங்கள். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடங்கள்.

மழையில் மட்டும் வண்டி மிஸ் அடிக்கிறதே, விட்டு விட்டு ஓடுகிறதே?

பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கின் மூடி (பிளக் கேப்) அல்லது அதன் வயரில் விரிசல். மின்சாரம் ஈரத்தின் வழியாக என்ஜின் உடலுக்குத் தாவிவிடும். இருட்டில் ஓடவிட்டுப் பார்த்தால் நீலப் பொறி தெரியும், கையால் தொட வேண்டாம். கழற்றித் துடைத்துக் காய வைத்தால் அன்றைக்கு ஓடும், நிரந்தர வழி மாற்றுவதே. சைடு ஸ்டாண்ட் சுவிட்சில் சேறு புகுந்தாலும் அணைந்து அணைந்து ஓடும்.

பஞ்சர் ஆனால்?

டியூப்லெஸ் என்றால் ஒட்டுக்குச்சி, ஊசி, சிறு காற்று பம்பு. துளையைத் துணியால் துடைத்து, ஊசியால் நன்றாக ராவிவிட்டு, பசை தடவிச் செருகுங்கள். முடிந்ததும் எச்சில் தொட்டுப் பாருங்கள், குமிழி வரக் கூடாது. மழையில் பசை சரியாகப் பிடிக்காது, அதனால் மெதுவாகப் போய், முதல் கடையில் உட்பக்கம் ஒட்டுங்கள்.

நண்பர் வீட்டை அடைந்ததும்?

வாசலிலேயே மழை உடையைக் கழற்றி உதறுங்கள். தொங்கவிட ஓர் இடமும் பழைய செய்தித்தாளும் கேளுங்கள். பூட்ஸின் உள்தகட்டை வெளியே எடுத்து, தாளைத் திணித்து, ஒரு மணி நேரத்தில் ஒரு முறையும் படுக்கும் முன் ஒரு முறையும் மாற்றினால் காலைக்குள் போடும்படி ஆகிவிடும். அடுப்புப் பக்கம் வைத்தால் தோல் வெடிக்கும், பசை விடும். ஹெல்மெட்டின் உட்பஞ்சைக் கழற்றி மின்விசிறிக்கு அடியில் போடுங்கள்.

பேச்சில் உட்காருவதற்கு முன் ஐந்து நிமிடம் வண்டிக்குக் கொடுங்கள்: செயினைத் துடைத்து எண்ணெய். உட்கார்ந்துவிட்டால் எழுந்து வர மாட்டீர்கள்.

திரும்பும் முன்?

குழாய்த் தண்ணீரில் சேற்றைக் கழுவுங்கள். அழுத்த நீர் வேண்டாம், பேரிங்குக்குள் கிரீஸைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடியேறும். பிரேக் பேடைப் பாருங்கள், டயர் காற்றைப் பாருங்கள், டயரில் ஆணி இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பிரேக் டிஸ்கில் இரவில் படிந்த லேசான துரு முதல் இரண்டு பிரேக்கில் போய்விடும், அதுவரை பிடிப்பு குறைவாகவே இருக்கும். அதனால் முதல் பிரேக்கை நண்பர் வீட்டுத் தெருவிலேயே பிடித்துப் பாருங்கள்.